தங்கும் காகிதம்

கோவில்பட்டியில் உருவப்படம் வரையும் கடையொன்றில் வேலை பழகச் சேர்ந்தேன். பென்சிலைச் சீவுவதில் தொடங்கி, கண்மணியில் ஒளிப்புள்ளி வைப்பதுவரை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். ஆனால் முழுப் பொறுப்பாக என்னிடம் முதலில் விட்டது கடையின் அச்சு வேலையை. விசிட்டிங் கார்டு, பிட் நோட்டீஸ், காலண்டர் எல்லாம் என் தலையில். "வரையிறதுக்கு நான் இருக்கேன் தாயி. நான் இருக்கேன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார்.

சினிமா பேனரும் கடை போர்டும் எழுதி வளர்ந்த கை அவருடையது. ஃபிளெக்ஸ் வந்து அந்த வேலையை வாரிக்கொண்டு போன பிறகு, மிஞ்சியது முகம் வரைவதுதான். அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, கல்யாணப் பரிசு, பதினாறாம் நாள் படத்திறப்பு என்று ஏதாவது ஒரு காரணத்தோடுதான் எங்கள் கடைப் படி ஏறுவார்கள். சும்மா தெருவில் போகிறவருக்கு இன்றைக்கு ஒரு படம் வரைந்துகொள்ளலாம் என்று தோன்றாது. நோட்டீஸ் கைக்கு வரும் நாளும் படம் தேவைப்படும் நாளும் வேறு வேறு. நடுவில் மாதங்கள் ஓடலாம், வருஷங்களும் ஓடலாம். தேவை வந்துவிட்டாலோ விசாரித்து அலைய நேரம் இருக்காது. அதனால் அண்ணாச்சி எந்த அச்சு வேலைக்கும் வைத்த சோதனை ஒன்றுதான்: இந்தக் காகிதம் அதுவரை வீட்டில் தங்குமா?

முதலில் பிட் நோட்டீஸ். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்று, மற்ற கடைகளின் நோட்டீஸ் என்ன ஆகிறது என்று பார்த்து வரச் சொன்னார். வாங்கிய கையோடு மடித்து விசிறிக்கொண்டார்கள். வடையின் எண்ணெயை ஒற்றினார்கள். பத்தடி தள்ளிக் கீழே விட்டார்கள். சட்டைப் பைக்குள் போனவை பஸ் நேர அட்டவணை அச்சிட்ட நோட்டீஸும், பின்பக்கம் பஞ்சாங்கக் குறிப்பு இருந்த ஒன்றும்தான். உபயோகம் இருந்தால் காகிதம் தங்கும் என்பது புரிந்தது. எங்கள் தொழிலில் அப்படிக் கொடுக்க என்ன இருக்கிறது?

விடை கடைக்குள்ளேயே இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் வரைய முடியாத போட்டோவோடுதான் வருவார்கள். ஆதார் அட்டையில் மங்கிய முகம், கல்யாணக் கூட்டத்தில் நகம் அளவுத் தலை, பல கை மாறித் தேய்ந்த வாட்ஸ்அப் படம். ஆகவே நோட்டீஸின் பின்பக்கம் முழுவதையும், வீட்டுப் பெரியவர்களை நல்ல படம் எடுத்து வைப்பது எப்படி என்பதற்கே ஒதுக்கினோம். ஜன்னலோரம் உட்கார வைத்து, முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழ எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும், நாலைந்தடி தள்ளி நில்லுங்கள். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாது. இவ்வளவுதான்.

முன்பக்கத்தில் என்னென்ன படம் வரைவோம் என்ற பட்டியலில் 'படத்திறப்பு' என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி அதை அடித்தார். 'நினைவுப் படம்' என்று மாற்றினேன். அதையும் அடித்தார். "நல்லது கெட்டது ரெண்டுக்கும் படம்தான். படம்னு மட்டும் போடு. கெட்டதைச் சொல்ற தாளை எவன் வீட்டுக்குள்ள வச்சிருப்பான்?" வீட்டில் பெரியவர் இருக்கும்போதே அந்தத் தாள் அலமாரியில் இருக்க வேண்டும் என்றால் அதில் எது இருக்கக் கூடாது என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்து, மாதிரிக்கு யார் முகம்? கை பழகிய முகங்கள் இரண்டு உண்டு. பாரதி பிறந்த எட்டயபுரமும் காமராஜர் பிறந்த விருதுநகரும் எங்களுக்கு அக்கம்பக்கம். ஆனால் அவர்களை வரையாத ஓவியர் கிடையாது. பல தடவை அச்சான படத்தைப் பார்த்து வரைந்தால், வரைந்தவரின் திறமை அதில் தெரியாது. தன் அப்பா முகம் சரியாக வருமா என்றுதான் வாடிக்கையாளர் பார்ப்பார். பழைய வாடிக்கையாளர் வீட்டுப் படத்தைக் கேட்காமல் போடுவதும் முறையில்லை. கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இடப்பக்கம் அவர் போட்டோ, வலப்பக்கம் அண்ணாச்சியின் பென்சில் படம். காலையும் மாலையும் பாதி ஊர் பார்க்கிற முகம் அது. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கே போய் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எங்கள் கடைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அச்சுக்குச் சிவகாசி. ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்தாலும் ஐநூறு அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான், அதனால் குறைவாக அடித்தால் ஒரு தாளின் விலை ஏறும். விசிட்டிங் கார்டில் இந்தக் கவலை இல்லை, பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். அங்கே டிசைன் போடும் தம்பியிடமும் மெஷின்காரரிடமும் கற்றது அதிகம். பென்சில் படத்தை நாலு கலரில் அடித்தால் சாம்பல் நிறம் பச்சைக்கோ சிவப்புக்கோ சாயும், கறுப்பு ஒன்றிலேயே அடிக்க வேண்டும். தாளில் மை கொஞ்சம் பரவும். திரையில் சரியாகத் தெரியும் கன்னத்து நிழல் அச்சில் கறுத்துவிடும், அந்த இடங்களை முன்கூட்டியே வெளிறவிட வேண்டும். கலர்ப் படத்தில் நீலம் ஒரு பங்கு கூடினாலும் தோல் உயிரில்லாமல் போகும். புரூஃபை டியூப்லைட்டில் பார்த்து ஒப்புதல் தரக் கூடாது, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மட்டும் போதும், நாலு மையும் சேர்ந்தால் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டிக்கும். ஓரத்தில் கட்டிங்குக்கு மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும். தமிழ் எழுத்தைக் கர்வ் செய்துதான் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அங்கே திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

கார்டுக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு என்று முடிவானது. முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன், பின்பக்கம் வெறுமனே. ஆர்டர் எடுக்கும்போது படத்தின் அளவு, கொடுத்த அட்வான்ஸ், டெலிவரி தேதி எல்லாவற்றையும் அந்தப் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுப்போம். அப்போது அது கார்டு மட்டுமல்ல, ரசீதும்தான். ரசீதை யாரும் எறிவதில்லை.

காலண்டருக்கு எங்கள் ஊரிலேயே பெரிய வரலாறு உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி வீடு வீடாகப் போயின. முருகனுக்கும் லட்சுமிக்கும் கீழே மளிகைக் கடையின் பெயரும் ஜவுளிக் கடையின் பெயரும் இருக்கும். வருஷம் முடிந்த பிறகும் படத்தை வெட்டிச் சட்டம் போட்டுப் பூஜையறையில் மாட்டியவர்கள் உண்டு. "அடுத்தவன் கடைக்கு ஓவியன் செஞ்ச விளம்பரம்தான் இதுவரைக்கும் எல்லாம். ஒண்ணாவது நம்ம கடைக்கு இருக்கட்டுமே" என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார். சிவகாசியில் புதிய காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளிவரும், ஆர்டர் கொடுக்க அதுதான் நேரம். அண்ணாச்சி வரைந்த பிள்ளையாரை மேலட்டையில் போட்டுத் தினசரி காலண்டர் அடித்தோம். செலவு அதிகம் என்பதால் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. சட்டம் போடும் கடை, போட்டோ ஸ்டுடியோ, கல்யாண மண்டப அலுவலகம், பத்திரிகை அடிக்கும் அச்சகம் என்று தேவை முதலில் போய் நிற்கும் இடங்களில் மட்டும் மாட்டினோம்.

எது பலித்தது என்பதற்கும் கணக்கு வைக்கச் சொன்னார். ஒவ்வொரு அச்சின் மூலையிலும் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். நோட்டீஸுக்கு 'நோ', காலண்டருக்கு 'கா', கார்டுக்கு 'வி'. எதைப் பார்த்து வந்தார்கள் என்று கேட்டு ஆர்டர் நோட்டில் அதைக் குறித்துவிடுவேன். காலண்டர் நன்றாகவே வேலை செய்தது. நோட்டீஸ் மெதுவாக, ஆனால் விடாமல் ஆள் கொண்டுவந்தது. இரண்டையும் முந்தியது, பெரிய செலவில்லாத ஒன்று: படச் சட்டத்தின் பின்புறம் ஒட்டும் ஸ்டிக்கர். கடைப் பெயர், போன் நம்பர், வரைந்த தேதி, அவ்வளவுதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கவோ ஆயுத பூஜைக்குத் துடைக்கவோ படத்தை இறக்கும்போது திருப்பிப் பார்ப்பார்கள். படத்தின் முன்பக்கத்தை அந்த வீடு ஏற்கனவே பல வருஷம் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கும், எங்கள் தரப்பில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பேனர் எழுதிய காலத்திலேயே ஓய்வு நேரத்தில் வரைந்து கொடுத்த படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்தார், அம்மாவுக்கும் ஒன்று வேண்டும் என்று.

இப்போது ஸ்டிக்கரையும் நானே அடிக்கிறேன். வெயிலில் மை வெளிறாத தாள், சட்டக்கடைப் பசையில் உரியாத ஒட்டு இரண்டையும் தேடிப் பிடித்தேன். க்யூஆர் கோடு ஒன்றும் சேர்க்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. "என்ன வேணாலும் சேத்துக்கோ தாயி. நம்பரை மட்டும் மாத்திராத."