மாமா ரிப்போர்ட்டில் எழுதாத ஒரு விஷயம்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

எங்கள் ஊர் நாட்றாம்பாளையம். காட்டைத் தாண்டினால் கர்நாடகா. போலீஸ் என்றாலே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வீரப்பன் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு பக்கம் வெடித்த கண்ணிவெடியில் போலீஸ்காரர்கள், வனத்துறையினர், தகவலாளிகள் என 22 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயிரோடு திரும்பியவர்கள் அதற்கப்புறம் எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு இந்தக் கேள்வி வந்ததே என் தாய்மாமாவால்தான். அவர் போலீஸ். சில வருடங்களுக்கு முன்னால் நெடுஞ்சாலையில் லாரியும் காரும் மோதி ஒரு விபத்து. காருக்குள் இருந்த சின்னப் பையனின் உடலை மாமாதான் வெளியே எடுத்தார். அப்புறம் ஸ்டேஷனில் விடிய விடிய எழுத்து வேலை. உடல் கிடந்த இடம், காயங்கள், சாட்சிகள், நேரம் எல்லாம் சரியாக எழுதினாராம். காலையில் அப்படியே பந்தோபஸ்து டியூட்டி. அதற்கப்புறம் வீட்டில் எரிந்து எரிந்து விழுவார். "மாமாவுக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அடுத்தவருக்கு நடந்ததை எழுதப் பழக்குகிறார்கள். தனக்கு நடந்ததைச் சொல்ல யார் பழக்குவது? அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983லேயே இதற்கு ஒரு முறை சொன்னார். கோர சம்பவம் முடிந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வைப்பது. ஆனால் ஒரே ஒரு தடவை அப்படிப் பேச வைப்பதால் பிற்கால மனபாதிப்பைத் தடுக்க முடியவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. அதனால் இப்போது வற்புறுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 கையேடு சொல்வது எளிமையானது: கவனி, காது கொடு, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு.

நம் ஊரிலும் 2018ல் தமிழ்நாடு போலீஸ், பெங்களூர் நிம்ஹான்ஸோடு சேர்ந்து காவலர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி ஆரம்பித்தது. நல்ல விஷயம். ஆனால் "ராத்திரி தூக்கம் வரல சார்" என்று ஒரு கான்ஸ்டபிள் மேலதிகாரியிடம் பயப்படாமல் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பயிற்சிக்கு அர்த்தம்.

போன பொங்கலுக்கு மாமாவே ஆரம்பித்தார். "அந்தப் பையனுக்கு ஒரு கால்லதான் ஷூ இருந்தது மாப்ளே. இன்னொண்ணைத் தேடாம வந்துட்டேன். அதை ரிப்போர்ட்ல எழுதல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு போலீஸ்காரர் இருந்தால், அவர் பேசும்போது கொஞ்ச நேரம் உட்காருங்கள்.