சேவலைத் தேடிய சிறுவர்கள்

வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவது கடினம், தேடவிடுவது எளிது. காலிக் கோட்டைக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது நான் விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. புதையல் வேட்டைக்கென்று சில குறிப்புகள் எழுதிய தாளொன்றை மட்டும் கையிற் கொடுத்தேன்.

"கூவாத சேவல் எங்கே?" என்பது முதற்குறிப்பு. பழைய வாயிலின் உட்புறத்தில், 1669 என்ற ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிச் சின்னத்தின் உச்சியில் அது நின்றது. "மறுபக்கம் யாருடையது?" என்பது அடுத்தது. வெளிப்புறத்தில் இருந்தது பிரித்தானிய அரச சின்னம். ஒரே வாயிலுக்கு இரண்டு எசமானர்கள் இருந்ததைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொண்டனர்.

"தமிழ் எங்கே, அம்மப்பா?" என்றாள் பேத்தி. அந்தக் கேள்வி என் தாளில் இல்லை. ஆனால் விடை காலியிலேயே இருந்தது. 1911இல் இந்நகரின் மதகொன்றில் ஒரு கல் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய சாசனம் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அதன் தமிழ்ப்பகுதி, தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது.

ஒல்லாந்தர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, தென்கரையை நாடிவந்த அந்நியர் தமிழிலும் பேசவேண்டியிருந்தது. அக்கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எங்கள் அடுத்த வேட்டை அங்கேதான்.