ஏரிக்கரையில் ஒரு மாலை

தூண்டில் போடுவதைச் சோம்பேறியின் வேலை என்று சொல்வோர் உண்டு. ஒரு மாலைப் பொழுதேனும் தக்கையின் மீது கண்வைத்து அமர்ந்திருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கடலூர் மாவட்டத்தில், லால்பேட்டையை ஒட்டிக் கிடக்கிறது வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் அமைத்தது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் நீர் இதனை நிறைக்கிறது. காலங்காலமாக நெல்வயல்களுக்குப் பாய்ந்துவந்த இந்த நீர், 2004 முதல் குழாய் வழியே சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருகிறது. கிழக்குக் கரையில் அமர்ந்தால், அந்திக் கதிரவன் தண்ணீருக்குள் இறங்குவது போலவே தோன்றும்.

என் மூத்த மகன் சவூதிக்குப் புறப்பட ஒரு வாரமே இருந்தது. உறக்கம் பிடிக்காமல் தவித்த என்னை, "வாருங்கள் தம்பி, ஏரிக்குப் போய்வருவோம்" என்று அழைத்துச் சென்றார் என் நண்பர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், துணைவியாரை இழந்தவர். அவருடைய ஒரே மகனும் சவூதியில்தான் பணிபுரிகிறார்.

மூங்கில் கழி, நைலான் நரம்பு, கொட்டாங்கச்சியில் மண்புழு. இவ்வளவே எங்கள் கருவிகள். முதலில் அகப்பட்டவை இரண்டு ஜிலேபிக் கெண்டைகள். 1952இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், இன்று நீர்நிலைகள் பலவற்றிலும் பெருகிவிட்டது.

சற்று நேரத்தில் கோரைப்புல் ஓரமாக நீர்ப்பரப்பு செந்நிறமாய்க் கொப்பளித்தது. விரால் குஞ்சுகள்! காற்றைச் சுவாசிக்க அவை கூட்டமாக மேலே வருவதும் அமிழ்வதுமாக இருந்தன. அவற்றின் அடியில் கரிய நிழலாய்த் தாய் விரால் அசைந்தது. பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர், "அங்கே போடுங்கள் சார், உடனே பாய்ந்து கவ்வும்" என்றார். உண்மைதான். குஞ்சுகளைக் காக்கும் விரால், அருகில் வரும் எதையும் தாக்கும். நண்பரோ தூண்டிலைச் சுருட்டிக் கரையில் வைத்துவிட்டார்.

"இதைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளுக்குக் காவல் ஏது?" என்றார்.

"எதுவரை காவல் காக்கும் சார்?" என்று கேட்டேன்.

"தாமே இரைதேடப் பழகும்வரை. அப்புறம் கூட்டம் கலைந்துவிடும். எந்தக் குஞ்சும் திரும்பி வருவதில்லை; வருமென்று விராலும் காத்திருப்பதில்லை."

"நாம் விரால் இல்லையே சார்!"

அவர் சிரித்தார். "அதனால்தான் தம்பி, வெள்ளிக்கிழமை தோறும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

மஃரிப் பாங்கு கேட்டது. நான் எழுந்தேன். அவர் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகத்தான் வேண்டும். போகாதே என்று தடுப்பது பாசமாகாது. தன் காலில் நிற்கும் திறனைக் கொடுத்து அனுப்புவதே பெற்றோரின் கடமை என்பதை அன்று என் மனம் ஏற்றுக்கொண்டது. மகனை வழியனுப்பும்போது நீண்ட அறிவுரை எதுவும் நான் கூறவில்லை.

அயல்நாட்டிலிருந்து இதனைப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சொல்: மாதந்தோறும் நீங்கள் அனுப்பும் பணம் வீட்டை நடத்துகிறது. உங்கள் குரல்தான் வீட்டிலிருப்பவர்களை நடத்துகிறது. வாரம் ஒருமுறையேனும் அதனையும் அனுப்பி வையுங்கள்.