ஆழமானதை முதலில் திற

அம்பத்தூர்ப் பக்கம் கண்ணாடிக் கதவுகளில் பூ வேலை செய்யும் பட்டறை அது. என்னை அழைத்துப்போன நண்பர் ஆராய்ச்சி மாணவர். மணல் வீச்சில் கண்ணாடி எந்த வடிவத்தில் அரிபடும் என்று கணினியில் கணிப்பது அவர் வேலை.

கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி, தாமரையை அதில் வெட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டர் கத்தி முனையால் ஒரே ஓர் இதழை மட்டும் உரித்தார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மணல் வீசும் கன்னைப் பிடித்தார். கம்ப்ரஸர் அலறியது. நிறுத்தி, பக்கத்து இதழை உரித்து மறுபடி அடித்தார். “மொத்தமா உரிச்சா எல்லாம் ஒரே பள்ளம் சார். ஆழமா வேணுங்கிறதை முதல்ல திறக்கணும்.” முதலில் திறந்த இதழ் ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்குகிறது, கடைசி இதழுக்குக் கடைசிச் சுற்று மட்டுமே.

“இதழோட மெல்லிசு நரம்புக் கோடு லேசில இறங்காது” என்று அவர் சொன்னதும் நண்பர் நிமிர்ந்தார். அவர் ஆய்வகத்தில் மணலுக்குப் பதில் 25 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு பொடி. வெட்டுவது தலைமுடி அகலக் கால்வாய்கள், ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கும் சில்லுகளுக்காக. துகளுக்கும் பருமன் உண்டல்லவா, ஸ்டிக்கர் ஓரத்தில் இடிப்பவை உள்ளே போவதில்லை. திறப்பு குறுகக் குறுக அரிப்பும் மந்தப்படுகிறது.

இன்னொன்றும் சொன்னார். நேராக மோதும் துகள்தான் கண்ணாடியைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும், சாய்ந்து வருவது பெரும்பாலும் வழுக்கிப்போகும். பள்ளத்தின் சுவர் செங்குத்தாக ஆக ஆகத் துகள்கள் அதில் சாய்வாகவே படும். அடி இறங்க, சுவர் பின்தங்க, பள்ளம் ஆப்பு வடிவமாகிறது. இதை பிலிப்ஸ் ஆய்வாளர்கள் ஸ்லிக்கர்வீரும் இன்ட் வெல்டும் 1999-இல் சமன்பாடாக்கினார்கள். பரப்பைப் புள்ளிகளாக்கி நகர்த்தும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

“எவ்வளவு நேரம் அடிக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லுமா?” என்றார் மாஸ்டர். சொல்லும். ஆனால் அதே நாசிலால் முதலில் ஒரு பள்ளம் போட்டு, அளந்து கொடுக்க வேண்டும். மாஸ்டர் மூலையில் கிடந்த உடைசல் கண்ணாடியைக் காட்டினார். அதில் முழுக்க அவர் போட்ட சோதனைப் பள்ளங்கள்.

மாஸ்டர் திரும்பியபோதுதான் அவர் புருவத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. அடிப்பது மணல். அதிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலை இறுக்கிவிடும் என்று அஞ்சி வார்ப்படங்களுக்கு மணல் வீசுவதை பிரிட்டன் 1949-லேயே தடுத்துவிட்டது. அலுமினியம் ஆக்சைடு வாங்கினால் என்ன? “பொடிக்குக் காசு யார் சார் தருவா? ரேட்டை ஏத்தச் சொன்னா அடுத்த பட்டறைக்குப் போயிடுவாங்க.” வீட்டுக்காரரிடம் ‘கைவேலை’ என்று பெருந்தொகை வாங்கும் இன்டீரியர் கான்ட்ராக்டர், அடிக்கிறவரின் நல்ல முகக்கவசத்துக்குக்கூடக் கணக்கில் இடம் வைப்பதில்லை. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், அந்தத் தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் பட்டறையை அந்தச் சட்டம் பொதுவாகத் தொழிற்சாலையாகவே எண்ணியதில்லை.