பழவேற்காட்டுப் பாடு

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் எந்த ஊருக்கும் இரண்டு விசேஷங்களாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்று, வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதற்கு ஒன்று. ஏற்காட்டுக்குப் போனால் கிளியூர் அருவியைப் பார்க்கலாம். காபிக்கொட்டை வாங்கி வரலாம். என் சிநேகிதர் ஒருவர் வருஷம் தவறாமல் அப்படி ஒரு மலைக்குப் போய் வருவார். வந்த பிறகு பத்து நாளைக்கு அவர் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் ஒரு டம்ளர் காபியும், அருவியைப் பற்றி அரைமணி நேர வர்ணனையும் தப்பாது. காபி நன்றாகவே இருக்கும்.

"நீரும் எங்காவது போய் வாருமே!" என்றார் ஒருநாள்.

"போய் வந்துவிட்டேன். பழவேற்காட்டுக்கு."

"அங்கே என்ன விசேஷம்?"

"பார்ப்பதற்குக் கல்லறை. வாங்குவதற்கு இறால்."

அவர் சைவம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். போகப் போக நெல் வயல்கள் குறைந்து, சீமைக் கருவேல முள்ளும் உப்பு மண்ணும் தலைகாட்டுகின்றன. ஊர் முதலில் மூக்குக்கு வந்து சேருகிறது, கண்ணுக்குப் பிறகுதான்.

ஏரி என்றதும் கரையும் மதகும் உள்ள நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது கடலுக்குப் புழக்கடை மாதிரி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும் பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தெற்கு மூலைதான் நமக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், ஆனால் பல இடங்களில் இடுப்பளவு ஆழங்கூட இல்லை. கடலையும் ஏரியையும் பிரித்துக்கொண்டு ஸ்ரீஹரிக்கோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. அங்கே 1971-லிருந்து ராக்கெட் விடுகிறார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. ஆகாயத்துக்கு ராக்கெட், நீரில் பூநாரை. இரண்டுக்கும் நடுவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வலையோடு நிற்கிற மனிதன். அவனைப் பார்க்க யாரும் சென்னையிலிருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை.

நானும் முதலில் கல்லறைக்குத்தான் போனேன். டச்சுக்காரர்களின் கல்லறை. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. "நீயும் ஒருநாள் இப்படித்தான்" என்று சொல்வதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள்; அவற்றில் கப்பல், கேடயம், கொடி வேலைப்பாடு. முந்நூறு வருஷத்துக்கு மேல் வெயிலில் கிடந்தும் எழுத்துகள் பல இடங்களில் தெளிவாக இருக்கின்றன. தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாத்து வருகிறது.

கல்லறை இருக்கிறது, கோட்டைதான் இல்லை. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடமாக இருந்தது. 1690-ல்தான் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் கப்பல்கள் இங்கே எதற்காக வந்தன என்று நினைக்கிறீர்கள்? துணிக்காக. கீழ்த்திசைத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அந்த ஊர்க்காரர்கள் சோழமண்டலத்துத் துணிதான் கேட்பார்களாம். இலங்கையில் 'பளையகாட்' என்று ஒரு சாரம் உண்டு. அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த ஊர்தான். துணியோடு நின்றிருந்தால் பாதகமில்லை. இங்கே வெடிமருந்தும் செய்தார்கள். பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றியும் அனுப்பினார்கள். கல்லறைப் பலகைகளில் அந்த மனிதர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இருந்த இடம் எது என்று கேட்டபோது, ஒரு பையன் முள்புதர் மண்டிய மேட்டைக் காட்டினான். "இங்கதான் சார். உள்ள போகாதீங்க, பாம்பு இருக்கும்" என்றான்.

அங்கிருந்து கரைக்கு வந்தேன். ஒரு பெரியவர் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். எதிரே ஏரியில் வேறு சிலர் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் போகவில்லையா, பெரியவரே?"

"இன்னைக்கு எங்க பாடு இல்லே, சார்."

பாடு என்றால் நமக்குக் கஷ்டம் என்றுதான் அர்த்தம். அவருடைய ஊரில் அதற்கு முறை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டம் உள்ள இடங்களில் நிறைய இறால் விழும். உள்ளே தள்ளிப் போனால் குறைவு. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரேற்றத்தோடு ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்ததும் கடலைத் தேடித் திரும்புகின்றன. அந்த வழியில் கழி நட்டு வலை கட்டுகிறவனுக்கு அதிர்ஷ்டம். எல்லோரும் அங்கேயே வலை கட்ட ஆசைப்பட்டால் வெட்டும் குத்தும்தான் மிஞ்சும். ஆகையால் பட்டினவர் குப்பங்கள் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. எந்த நாள் எந்தக் குப்பத்துக்கு, எந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் முறை வைத்தும் சீட்டுப் போட்டும் முடிவாகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த தடவை சுமாரான இடம் விழலாம்.

"முறை இல்லாத அன்றைக்கு நிறைய இறால் வந்தால்?"

"வந்தா என்னா சார்? துள்ளிக் கரையில வந்து விழுந்தாலும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

"யாராவது மீறினால்? போலீசுக்குப் போவீர்களா?"

அவர் சிரித்தார். "போலீசு எதுக்கு சார்? ஊரு கேக்கும். நாளைக்கு அவன் வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா நாங்கதானே போயி நிக்கணும்?"

பீரங்கி வைத்துக் காத்த கோட்டை முள்புதராகிவிட்டது. ஒரு கதவோ பூட்டோ இல்லாத இந்த ஏற்பாடு மட்டும் தண்ணீரின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேரைத் தாண்டிப் போய் நிற்பதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிற நகரத்திலிருந்து வந்த எனக்கு, இது அருவியைவிடப் பெரிய காட்சியாகப் பட்டது.

ஆனால் எல்லாம் ராமராஜ்யம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. பேசிக்கொண்டிருந்தபோதே, சற்றுத் தள்ளி ஆழமில்லாத இடத்தில் நாலைந்து பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து போவதைப் பார்த்தேன். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்து அதில் போட்டார்கள். இருளர் பெண்கள்.

"அவர்களுக்குப் பாடு உண்டா?" என்று கேட்டேன்.

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுங்க கையால பிடிக்கிறவங்க, சார்" என்றார்.

நான் கேட்டதற்கு அது பதில் ஆகாது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் பின்னிக்கொண்டிருந்தார். பங்கு போடத் தெரிந்தவர்கள்கூட, பங்காளி யார் என்பதில் ஒரு கோடு கிழித்துக்கொள்கிறார்கள். தலைக்கட்டு உள்ளவனுக்குத்தான் முறை. அந்தக் கணக்கில் வராதவர்களுக்கு ஏரியின் ஓரமும் சேறும்தான். ஏரி நிறைய இருந்த காலத்தில் இந்தக் கோடு அவ்வளவாகக் கண்ணில் பட்டிருக்காது. ஏரி சுருங்கச் சுருங்க அது தடித்துக்கொண்டே வருகிறது.

சுருங்குகிறது என்பது சும்மா பேச்சல்ல. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் பெருகி வந்து மணலைத் தள்ளிக்கொண்டு கடலில் விழும்போது முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொள்கிறது. கோடையில் ஆற்று நீர் நின்றதும் கடல் அலை மணலைக் கொண்டுவந்து அடைக்கிறது. அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. ஏரி நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறும். ஆறுகளும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி ஏரியை மேடாக்குகின்றன. முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்க வழி செய்யுங்கள் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. மண்ணை வாரித் திறப்பதும், மறுபடி அடைபடுவதுமாகக் காலம் போயிருக்கிறது.

"வாய் அடைச்சுக்கிச்சுன்னா பாடு எதுக்கு சார்? வெறுந்தண்ணிக்கா சீட்டுப் போடறது?" என்றார் பெரியவர்.

"உங்கள் பிள்ளைகள்?"

"ஒருத்தன் கும்மிடிப்பூண்டியில கம்பெனி வேலைக்குப் போறான். மாசச் சம்பளம். அவனுக்கு வலை கட்டத் தெரியாது. இன்னொருத்தன் என்கூட." சற்று நிறுத்தி, "கம்பெனியில எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை இல்லையாம் சார். மேஸ்திரிக்குப் பிடிச்சவனுக்கு நல்ல இடமாம். சீட்டுப் போட்டா என்னன்னு கேக்கறான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் அதை ஒரு நியாயமான யோசனையாகத்தான் சொன்னார்.

வெயில் சாய்ந்தது. நீரில் இருந்தவர்கள் வலையை உதறிக் கரை ஏறத் தொடங்கினார்கள். இருளர் பெண்களும் எழுந்து, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு, பறியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு பறியை எட்டிப் பார்த்தேன். அடியில் இரண்டு கைப்பிடி இறால் இருந்தது. அன்று நான் வாங்கியது அதைத்தான். சொன்ன விலையைக் கொடுத்தேன்; பேரம் பேசவில்லை. அதனால் ஏரியில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிடாது என்பது தெரிந்துதான் கொடுத்தேன்.

பெரியவர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க சார். எனக்கும் விடியறதுக்குள்ள எழுந்திருக்கணும். நாளைக்கு எங்க பாடு."