போதையும் விசாவும்

எங்கள் வீட்டுக் குருமாவில் கசகசா கிடையாது. ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால், "மசாலா அரைச்சுக் கொண்டு வாங்க, ஆனா கசகசா மட்டும் சேர்த்துடாதீங்க" என்று என் மனைவி இரண்டு முறையாவது சொல்லிவிடுவாள். அபினி தரும் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குத் தடை. கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "குருமாவுல போடுறதுல என்னடா போதை?" என்று கேட்பார். மூட்டுவலிக்கு டிரமடால் எழுதிக்கொடுத்திருந்தால் மருந்துச்சீட்டோடு சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதியும் வேண்டும் என்றபோது, வரும் யோசனையையே அவர் விட்டுவிட்டார்.

போதை என்றால் என்ன என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது என்பதை இந்த ஊரில் வாழ்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினோரு ஆண்டுகளாக நான் அஜ்மானில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். நடுவில் ஷார்ஜா. அஜ்மானில் மதுக்கடைகள் உண்டு. ஷார்ஜாவில் 1985 முதல் மதுவுக்குத் தடை. அங்கே காரில் பாட்டில் இருப்பதே குற்றம். துபாயில் மறுபடியும் கடைகள், விடுதிகள். முப்பது கிலோமீட்டர் பயணத்தில் ஒரே பொருள் சரக்காகவும் குற்றமாகவும் மறுபடி சரக்காகவும் மாறுகிறது. வாரக் கடைசியில் அஜ்மானின் மதுக்கடை வாசல்களில் நிற்கும் வண்டிகளில் ஷார்ஜா எண் தகடுகளைப் பார்க்கலாம். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பேருந்து ஏறிய நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஓர் ஊர் மூடும் கடை எல்லைக்கு அந்தப் பக்கம் திறந்துகொள்கிறது.

போதைப்பொருளுக்கு இந்த எல்லை விளையாட்டு கிடையாது. ஏழு அமீரகங்களுக்கும் ஒரே கூட்டாட்சிச் சட்டம். அதனால்தானோ என்னவோ, எங்கள் நண்பர்கள் கூடும் சனிக்கிழமை மாலைகளில், இதையெல்லாம் சட்டபூர்வமாக்கினால் என்ன ஆகும் என்ற பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கட்சி சிங்கப்பூரைக் காட்டும். இன்னொரு கட்சி ஆம்ஸ்டர்டாமைக் காட்டும். நெதர்லாந்தில் முதுகலை படித்தவன் என்பதால் இரண்டாவது கட்சி என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்.

நான் டெல்ஃப்ட் நகரில் படித்த 2004 முதல் 2006 வரையான காலத்தில் பார்த்தது இதுதான். காபி ஷாப் என்ற பெயரில் கஞ்சா விற்கும் கடைகள் அங்கே சாதாரணமாக இருக்கும். ஒருவருக்கு ஐந்து கிராம், பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, விளம்பரம் கூடாது. என் டச்சு வகுப்புத் தோழர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடைகளில் ஆர்வமே இல்லை. வாசலில் நின்று படமெடுத்தவர்கள் எல்லாம் வெளிநாட்டவர்கள். தெருவில் குற்றம் பெருகி வழிந்ததையும் நான் பார்க்கவில்லை. ஆனால் நம் நண்பர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கே கஞ்சா சட்டபூர்வமானதே அல்ல. 1976இல் திருத்திய சட்டத்தின் கீழ் அது சகித்துக்கொள்ளப்படுகிறது, அவ்வளவுதான். கடையின் முன்வாசலில் விற்கலாம். பின்வாசல் வழியாக வரும் சரக்கைப் பயிரிடுவதும் மொத்தமாக விற்பதும் குற்றம். பல்லாண்டுகளாக அந்தப் பின்வாசலைக் குற்றக் கும்பல்கள்தான் நிரப்பின. முறையாக வளர்த்த கஞ்சாவைக் கடைகளுக்குக் கொடுக்கும் சோதனை முயற்சியே 2023 டிசம்பரில்தான், பிரேடா, டில்பர்க் என்ற இரண்டு நகரங்களில் தொடங்கியது. பாதிக் கதவைத் திறந்தால் பாதிக் குற்றம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

சிங்கப்பூர்க் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. என் மகள் இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கிக் கடைக்குப் போய் வருகிறாள். அந்த நிம்மதியை நான் இலேசாக எடைபோட மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெராயினுடன் 2009இல் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்தத் துணைபோனார் என்பது அவர்மீதான குற்றம். அதே மாதத்தில் பாங்காக்கில் கஞ்சா கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. தாய்லாந்து 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று அதே தாய்லாந்து பின்வாங்கியது. விமானத்தில் இரண்டரை மணி நேரத் தொலைவில் ஒருவருக்குத் தூக்கு, இன்னொருவருக்குக் கடை வாடகை.

இந்தியாவும் இந்தக் கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றது அதன் முடிவு. அபினி வணிகத்தில் கொழுத்த ஓர் அரசின் அக்கறையை எவ்வளவு நம்புவது என்பது தனிக் கேள்வி. சுதந்திர இந்தியாவிலும் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சா கடைகள் நடந்தன. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்தக் கதவை மூடியது. பாங்கு மட்டும் தப்பித்தது.

ஆனால் சட்டபூர்வமாக்கினால் என்ன ஆகும் என்று அறிய நாம் ஆம்ஸ்டர்டாமுக்கோ பாங்காக்கிற்கோ போக வேண்டியதில்லை. அந்தச் சோதனையை ஒரு பெரிய மக்கள்தொகையின் மேல், ஒரே பொருளை வைத்து, தமிழ்நாடு பல முறை நடத்திப் பார்த்திருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். சில ஆண்டுகளில் கடைகள் மறுபடி மூடப்பட்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தன. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்தது. மதுவிலக்கு போனாலும் அதை ஈடுகட்ட வந்த வரி போகவில்லை.

தனியார் போய் அரசே விற்றால் கள்ளச்சாராயம் ஒழியும், தரம் இருக்கும், பணம் மக்கள் நலனுக்குப் போகும் என்பது வாதம். 2023-24இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஆனாலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரசுக் கடையில் வாங்கக் காசில்லாதவனுக்குப் பாக்கெட் சாராயம்தான் எட்டும். தடை இருந்தால் தப்பித்திருப்பார்களா? 2016 முதல் முழு மதுவிலக்கு இருக்கும் பீகாரில், சாரண் மாவட்டத்தில், 2022 டிசம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இதே போல இறந்தார்கள். கடை இருந்த இடத்திலும் செத்தார்கள், கடை இல்லாத இடத்திலும் செத்தார்கள். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் கூலிக்காரர்கள்.

அதனால் 'தடையா, அனுமதியா' என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கேள்வியே குறையுள்ளதாகப் படுகிறது. அது ஏன் என்பதை எனக்குக் காட்டியது புள்ளிவிவரம் அல்ல, அல் ஜுர்ஃப் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் இருந்த ஒரு பையன்.

அவன் சாரம் கட்டுபவன், வயது இருபத்து நான்கு, பரமக்குடிப் பக்கம். முதுகுவலிக்கு அறைத்தோழன் ஒருவன் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்திருக்கிறது. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. சம்பளத்தில் பாதி அதற்கே போனது. மாத்திரை இல்லாத நாளில் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். அந்தக் கையோடு அவன் எட்டாவது மாடியில் குழாய் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய மேற்பார்வையாளர் எனக்குப் பழக்கம். ஓர் இரவு என்னைத் தேடி வந்தார். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீசுக்குச் சொல்லிடுவாங்களா?"

அன்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். 2021ஆம் ஆண்டின் 30ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல்முறை பயன்படுத்திப் பிடிபட்டவருக்கான குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை இரண்டு ஆண்டுகளிலிருந்து மூன்று மாதமாகக் குறைத்த சட்டம் அது. அதன் 89ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: பிடிபடுவதற்கு முன்பே ஒருவர் தாமாகவோ நெருங்கிய உறவினர் மூலமாகவோ வந்து சிகிச்சை கேட்டால், அவர்மேல் குற்ற வழக்கு தொடரக் கூடாது. இந்தியச் சட்டத்தின் 64ஏ பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. கடுமையானவை என்று நாம் நினைக்கும் சட்டங்களுக்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கிறது.

நான் காட்டியதை அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்: "சட்டத்துல இருக்கறது சரிதாண்ணே. அவன் விசா கம்பெனி கையில இருக்கே."

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நீதிமன்றம் தண்டிக்காமல் விடலாம். வேலை போனால் விசா போகும். விசா போனால் ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். தாய்க்குக்கூடத் தெரியாமல் மறைத்ததை அவன் அதிகாரியிடம் எப்படிச் சொல்வான்? அடுத்த மாதம், சம்பளமில்லா விடுப்பு என்று எழுதிக்கொடுத்து, ஷார்ஜாவிலிருந்து திருச்சி விமானத்தில் அவனை ஏற்றிவிட்டார்கள். மாத்திரையிலிருந்து அவனை மீட்டது மதுரையில் ஒரு மனநல மருத்துவர். இப்போது அவன் திரும்பி வருவதாக இல்லை. மாத்திரையைத் தொடுவதில்லை, ஆனால் குடிக்கிறான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். இங்கே அவனைப் பயம் வாய்மூட வைத்தது. அங்கே கேட்க ஆளில்லாமல் கடை திறந்திருக்கிறது.

போர்ச்சுகலைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். 2001 ஜூலையில் அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குப் பத்து நாள் அளவு வைத்திருப்பது குற்றமல்ல என்றாக்கினார்கள். விற்பனை இன்றும் குற்றம்தான்; கடை எதையும் திறக்கவில்லை. பிடிபட்டவர் நீதிபதிக்குப் பதில் சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய குழுவின் முன் போகிறார். அங்கிருந்து சிகிச்சைக்கு ஒரு பாதை இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இதைப் போல ஒன்றைக் கொண்டுவந்தது. பிடிபட்டவருக்கு நூறு டாலர் அபராதச் சீட்டும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். அந்த எண்ணை அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சை மையங்களுக்கான பணம் தாமதமாக வந்தது. 2024 செப்டம்பரில் வைத்திருப்பது மறுபடி குற்றமானது. ஒரே யோசனைதான், ஓரிடத்தில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், இன்னோரிடத்தில் ஓர் எண் மட்டும் இருந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். தடை அடிமைத்தனத்தை ஒழிப்பதில்லை, ஒளித்துவைக்கிறது. விற்பனைக்கு அனுமதி கள்ளச் சந்தையைக் குறைக்கலாம்; ஆனால் விற்பவனே அரசாகும்போது, வாங்குபவன் நிறுத்த வேண்டும் என்று விரும்ப ஆளில்லாமல் போகிறது. தனிமனித சுதந்திரம் என்ற சொல்லை இந்த விவாதத்தில் நாம் எளிதாக வீசுகிறோம். எட்டாவது மாடியில் நடுங்கும் கையோடு நின்றவனுக்கு மாத்திரை வாங்கும் சுதந்திரமும் தேவைப்படவில்லை, சிறையும் தேவைப்படவில்லை. 'எனக்கு இதை விட முடியவில்லை' என்று வேலையை இழக்காமல் ஒருவரிடம் சொல்லும் சுதந்திரம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. பயன்படுத்துபவனைத் தண்டிக்காதே, அதே நேரம் அவனை வாடிக்கையாளனாகவும் ஆக்காதே என்பதே என் கட்சி. சனிக்கிழமை நண்பர்கள் இரண்டு தரப்பிலும் இதற்கு ஆதரவு குறைவு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் போதை மீட்புக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கியபோது, குடி ஒரு நோய் என்று சொல்வதே பலருக்கு விநோதமாக இருந்திருக்கும். அபுதாபியில் தேசிய மறுவாழ்வு மையம் 2002 முதல் இயங்குகிறது. ஆக, இரண்டு கரைகளிலும் மருத்துவம் இருக்கிறது, சட்டத்தில் வழியும் இருக்கிறது. இல்லாதது, அந்த வழி இருப்பதே வேண்டியவனுக்குத் தெரிவதும், நடந்தால் வேலை போகாது என்ற உறுதியும்.

தொழிலாளர் குடியிருப்புகளின் சுவர்களில் தலைக்கவசம் அணியச் சொல்லியும் வெயிலில் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் ஐந்தாறு மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றின் பக்கத்தில் 89ஆம் பிரிவைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் உருதுவிலும் எழுதி ஒட்டலாம். சிகிச்சைக்குப் போகும் நாட்களை நோய் விடுப்பாகக் கணக்கிடுவோம் என்று கம்பெனிகள் அதன் கீழே ஒரு வரி சேர்க்கலாம். போதைக்கு எதிரான பெரிய போர்களைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. ஒரு தாள், கொஞ்சம் பசை.