சக்கரம் தேய்ந்த பெட்டி

வெளிநாட்டுப் பயணத்துக்கு வைத்திருக்கும் பெட்டியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதை அறிய அதன் மேற்புறத்தை மட்டும் பார்ப்பது போதாது. கீறலும் கறையும் முதலில் கண்ணில் பட்டாலும், பெட்டி உண்மையில் தளர்வது சக்கரம், நீட்டி மடக்கும் கைப்பிடி, ஜிப் ஆகிய அசையும் உறுப்புகளில்தான்.

இவற்றுள் பெட்டிச் சக்கரத்தின் வரலாறு குறுகியது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ 1970இல் பெட்டியின் அடியில் நான்கு சிறு உருளைகளைப் பொருத்தி, வாரால் இழுத்துச் செல்லும் முறையை வகுத்து, 1972இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரு சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் அமைத்தபோதுதான் இன்றைய வடிவம் பிறந்தது. தோள் சுமந்த பாரம் சக்கரத்துக்கு மாறியது பெரும் விடுதலை என்றாலும், அன்றுமுதல் பெட்டியின் ஆயுள் சக்கரத்தின் ஆயுளோடு பிணைந்துவிட்டது.

சக்கரம் ஓட்டத்தால் மட்டும் தேய்வதில்லை. பல பெட்டிகளின் சக்கரங்களைச் சுற்றியுள்ள மென்மையான பட்டை பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. அதன் சில வகைகளில் காற்றின் ஈரம் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுத்துவிடும், இதை வேதியியலில் நீராற்பகுத்தல் என்பர். சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த பெட்டி, ஒருமுறையே பயணம் போயிருந்தாலும், இழுத்தவுடன் சக்கரம் பொடியாக உதிர்வதற்கு இது முக்கியமான காரணம். உள்துணியின் பூச்சு பிசுபிசுத்துத் துகள்களாகத் துணிமணியில் ஒட்டுவதும் பெரும்பாலும் இதே வினையால்தான். ஆகவே ‘அதிகம் பயன்படுத்தாத பெட்டி, புதிதுபோலவே இருக்கிறது’ என்ற எண்ணத்தை நம்பிப் பயணத்துக்குப் புறப்படக் கூடாது. புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே பெட்டியில் பாரம் ஏற்றித் தெருவில் சிறிது தூரம் இழுத்துப் பார்ப்பது நல்லது.

சக்கரம் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். அறையாணி அடித்திருந்தாலும், கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் துளையிட்டுக் கழற்றிப் புதியதைப் பொருத்திவிடுவார். உறுதியான கூடு ஒன்றை இரு சக்கரங்களுக்காகக் குப்பையில் போடுவது வருத்தத்துக்குரிய வீண்செலவு. கூடே விரிசல் கண்டிருந்தாலோ, கைப்பிடியின் உலோகக் குழாய் வளைந்திருந்தாலோ புதிய பெட்டி வாங்குவதே முறை.

வாங்கும்போது வெறும் பெட்டியின் எடையை முதலில் பார்க்க வேண்டும். சிக்கன வகுப்பில் பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு அனுமதிக்கும் 23 கிலோவில் பெட்டியின் எடையும் அடக்கமாதலால், ஐந்து கிலோ பெட்டி அதில் ஐந்திலொரு பங்குக்கும் மேல் தானே எடுத்துக்கொள்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை பொதுவாக 158 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கூடு அடிபட்டால் வளைந்து பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். மலிவான ஏபிஎஸ் பிளாஸ்டிக் கூடு எளிதில் விரிசல் விடும். சுருள்பல் ஜிப்பைப் பேனா முனையாலேயே பிளந்து, இழுப்பானை மீண்டும் ஓட்டித் தடயமின்றி மூடிவிட இயலும் என்பதால், இழுப்பானில் மாட்டும் பூட்டை நம்பி நகையையோ ஆவணத்தையோ விமானத்தின் சரக்கறைக்கு அனுப்புவது தவறு.

பழைய பெட்டியோடு போவதற்குச் சட்டவழிப் பாதகமும் உண்டு. விமானப் பயணிகளின் இழப்பீட்டை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெட்டியிலேயே இருந்த குறைபாட்டால் விளைந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்பதில்லை.

பழைய பெட்டி பயணத்துக்கு உதவாமல் போனாலும் வீணாகாது. சக்கரத்தை அழிக்கும் ஈரம் பாலிகார்பனேட் கூட்டை அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. உதிர்ந்த சக்கரங்களையும் பிசுபிசுத்த உள்துணியையும் நீக்கிவிட்டால், அந்தக் கூடு பழைய வேட்டித் துணியில் சுற்றிய கொலு பொம்மைகளை அடுத்த நவராத்திரிவரை பரணில் பத்திரமாக வைத்திருக்கும்.